ஆணிக்குத் தப்பிய டயரும் கல்லுக்குத் தோற்ற டயரும்

டயர் கிழிந்தால் காரணம் சொல்ல நம்மிடம் எப்போதும் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். ரோடு மோசம், டயர் மட்டம், நேரம் சரியில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளேர்வுட் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் உட்கார்ந்து லாரி டயர் பில்களை வருடக்கணக்காகப் பதிவு செய்துவரும் எனக்கு இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மூன்றுமே ஓரளவு உண்மைதான். ஆனால் என்னை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்த ஒரு கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை. பாதி தேய்ந்த ஒரு பழைய டயர் முழு ஸ்க்ரூவை உள்ளே வாங்கிக்கொண்டு காற்று குறையாமல் ஓடுகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய புது டயர், கையகலக் கல் ஒன்றின் விளிம்பு பட்ட மாத்திரத்தில் முடிந்துபோகிறது. இது எப்படி?

இரண்டும் நான் கண்ணால் பார்த்தவை. முதலாவது என்னுடைய பழைய கொரோலாவில். 2022 ஏப்ரல் வெள்ளம் எங்கள் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு பல மாதங்கள் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எந்தத் தெருவில் போனாலும் யாராவது கூரை மேல் ஏறித் தகடு மாற்றிக்கொண்டிருப்பார்கள், தெருவெல்லாம் கூரை ஸ்க்ரூ சிதறிக் கிடக்கும். ஒருநாள் யார்டில் ஹார்ஸ், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் லாரி, ஓட்டும் ஜூலு டிரைவர் ஒருவர் என் காரின் பின்சக்கரத்தைக் காட்டி ஏதோ மின்னுகிறது என்றார். ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழவழப்பாகி, பட்டன் என்று நாங்கள் சொல்லும், தரையில் படுகிற ரப்பர்க் கட்டைகளோடு ஒன்றாகப் பதிந்திருந்தது. அந்த அளவு தேய வேண்டுமானால் எத்தனை வாரம் ஓடியிருக்க வேண்டும்! காற்றை அளந்து பார்த்தால் மற்ற மூன்று சக்கரங்களிலும் இருந்த அதே அளவு.

இரண்டாவது மேற்குக் கேப்பில். கேப்டவுனில் இருக்கும் என் தோழியின் குடும்பத்தோடு ஓர் ஆகஸ்ட் கடைசியில் நமாக்வாலேண்டுப் பக்கம் பூப்பார்க்கப் போனோம். சீரஸிலிருந்து கல்வினியா போக ஆர்355 என்று ஒரு சாலை இருக்கிறது. ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் ஓர் ஊர்கூடக் கிடையாது, முக்கால்வாசி தூரத்துக்குமேல் சரளைதான். டயரைத் தின்னும் சாலை என்று நாடு முழுக்க அதற்குப் பெயர். டாங்க்வா கரூ என்கிற அந்த வறண்ட நிலத்தின் மண்ணில் பாளம் பாளமாகப் பிளக்கும் களிப்பாறைதான் அதிகம். பிளந்த துண்டுகளின் ஓரம் அவ்வளவு கூர்மை. தோழியின் கணவர், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், கல்ரோட்டுக்குக் காற்று இறுக்கமாக இருந்தால்தான் கல் ஏறாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு சீரஸ் பெட்ரோல் பங்கில் நன்றாக ஏற்றியிருந்தார். பாதி வழி தாண்டியிருப்போம். ஒரு டப் சத்தம், அப்புறம் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்டயரின் பக்கவாட்டில், ரிம்முக்கும் பட்டனுக்கும் நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. பட்டனில் கீறல்கூட இல்லை.

அந்தப் பக்கமாகத் தன் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், வந்து நிறுத்தி இறங்கிய விவசாயி, ஸ்டெப்னி மாட்ட உதவி செய்துவிட்டு, இந்த ரோட்டுக்கு இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். மீதித் தூரம் முழுக்க அண்ணா, இவ்வளவு விலை கொடுத்தும் டயர் மட்டமாகப் போய்விட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். எனக்கு என் காரின் ஸ்க்ரூதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்த இடம்

சாட்ஸ்வர்த்தில் நான் எப்போதும் போகும் டயர் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த பாட்டனாரிடமிருந்து வழிவழியாக வந்த வீட்டுத் தமிழை இன்னும் விடாமல் வைத்திருப்பவர். நடுவில் ஆங்கிலம் கலக்கும், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். ஸ்க்ரூவை எடுக்கப் போன அன்றே அவரிடம் கேட்டிருந்தேன், ஏதோ அதிர்ஷ்டம் என்று சிரித்துவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த வெட்டின் படத்தைப் போனில் காட்டி, "அங்கிள், ஸ்க்ரூ முழுசா உள்ள போயும் என் டயருக்கு ஒண்ணும் ஆகல. இது ஏன் இப்படிப் போச்சு?" என்றேன்.

அவர் உள்ளே போய், குறுக்கே ரம்பத்தால் அறுத்து வைத்திருந்த ஒரு டயர் துண்டைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருப்பது போலிருக்கிறது, ஓரமெல்லாம் கை பட்டு வழுக்கியிருந்தது. "பட்டனுக்குக் கீழ விரல வச்சுப் பாரும்மா." வைத்தேன். ரப்பருக்கு நடுவே வரிசையாக நறநறவென்று கம்பி முனைகள் குத்தின. "இப்ப அப்படியே இறக்கிக்கிட்டு வா." விரல் தோள்பட்டை வளைவைத் தாண்டியதும் குத்துவது நின்றுவிட்டது. மெத்தென்று இருந்தது. இரண்டு விரலால் பிடித்து வளைத்தால் வளைந்தது. "இங்க இரும்பு இல்லம்மா. நூலுதான்."

இத்தனை வருடம் இந்தப் பில்களைப் பதிந்தும் டயர் என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் என்றுதான் என் மனதில் இருந்தது. பார்வைக்கு அப்படித்தானே தெரிகிறது? கறுப்பாக, ஒரே வார்ப்பாக. அந்தத் துண்டில் நான் பார்த்தது முற்றிலும் வேறு இரண்டு பொருள்கள். தரையைத் தொடுகிற வட்டம் ஒன்று, அதைத் தூக்கிப் பிடிக்கிற சுவர் இன்னொன்று. இரண்டுக்கும் வேலை வேறு, பலம் வேறு, சாகிற விதமும் வேறு. அங்கிருந்துதான் என் கேள்விக்குப் பதில் தெரிய ஆரம்பித்தது.

உங்கள் டயரிலேயே இது எழுதியிருக்கும், பெரும்பாலான கார் டயர்களில் சின்ன எழுத்தில் பார்க்கலாம். பட்டன் பகுதியில் எத்தனை அடுக்கு என்ற கணக்கில் ஸ்டீல் இரண்டு, பாலியெஸ்டர் ஒன்று, நைலான் ஒன்று என்றிருக்கும். சைடுவால் என்ற வார்த்தைக்கு எதிரே பாலியெஸ்டர் ஒன்று, கொஞ்சம் தாராளமாக இருந்தால் இரண்டு. அவ்வளவுதான். ஒன்றரை டன் காரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிற சுவருக்குள் இருப்பது ஒற்றை நூல் அடுக்கு. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து என் காரின் நான்கு சக்கரங்களையும் படித்தேன். நான்கிலும் ஒன்றுதான்.

கம்பி தடுப்பது எதை

அப்படியானால் என் ஸ்க்ரூவைக் கம்பி தடுத்துவிட்டதா என்று கேட்டேன். அதற்கும் பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். "ஆணியக் கம்பி தடுக்காதும்மா. மெல்லிசா இருக்கிறது ரெண்டு கம்பிக்கு நடுவுல நுழைஞ்சு போயிரும். ரப்பர்தான் அதப் புடிச்சிக்கும்." அவர் சொன்னது சரிதான் என்பது பிறகு படித்தபோது இன்னும் தெளிவானது. பட்டனுக்குக் கீழே இரண்டு எஃகுப் பட்டைகள், ஒன்றின் கம்பிகள் ஒரு பக்கம் சாய்ந்தும் இன்னொன்றின் கம்பிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் குறுக்குமறுக்காக ஓடுகின்றன. கம்பிகளின் மேல் மெல்லிய பித்தளைப் பூச்சு உண்டு. ரப்பரை வேகவைக்கும்போது அதிலிருக்கும் கந்தகம் பித்தளையிலுள்ள தாமிரத்தோடு கூடிப் பிணைந்துகொள்வதால்தான் இரும்பும் ரப்பரும் பிரியாமல் நிற்கின்றன. மொட்டையான கல் ஒன்று பட்டனை அழுத்தினால் இந்தப் பின்னல் அந்த அழுத்தத்தைப் பக்கத்துக் கம்பிகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. கூரான ஆணிக்கு அது வழி விட்டுவிடும், ஆனால் ஆணி போட்ட ஓட்டை கிழிசலாக நீள விடாது. கிழிசல் அடுத்த கம்பியில் முட்டி நின்றுவிடும்.

காற்றைப் பிடித்து வைப்பது இன்னொரு சங்கதி. டியூப் இல்லாத டயரின் உள்சுவரில் பியூட்டைல் வகை ரப்பரால் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. சாதாரண ரப்பர் வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும், இதன் வழியாகக் கசிவது மிகவும் குறைவு. ஸ்க்ரூ உள்ளே போகும்போது இந்தப் பூச்சையும் மேலே இருக்கிற தடித்த ரப்பரையும் தள்ளி விலக்கிக்கொண்டு போகிறது. விலக்கப்பட்ட ரப்பர் பழைய இடத்துக்கே திரும்பப் பார்ப்பதால், சுற்றிலும் இருந்து ஸ்க்ரூவை இறுக்குகிறது. அதனால்தான் குத்திய ஆணியை நடுவழியில் பிடுங்கக்கூடாது என்பார்கள். பிடுங்கினால் ஓட்டை திறந்துகொள்ளும். பழைய காலத்து டியூப் டயரில் இந்தப் பிடிமானம் கிடையாது, டியூப் கிழிந்தால் காற்று மொத்தமும் அந்த நிமிடமே போய்விடும்.

ரப்பரிலும் வித்தியாசம் இருக்கிறது. லாரி டயரின் பட்டனில் மரத்திலிருந்து வடித்த இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரின் பட்டனில் செயற்கை ரப்பர் அதிகம். காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று. இயற்கை ரப்பரை நன்றாக இழுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசை கட்டிப் படிகமாக இறுகிவிடுகின்றன. வெட்டு ஒன்று விழுந்தால் ரப்பர் மிக அதிகமாக இழுபடுவது அந்த வெட்டின் நுனியில்தான், ஆகவே படிகமாவதும் அங்கேதான். காயத்தின் நுனியே கெட்டியாகி, காயம் மேலே போகாமல் தடுக்கிறது. விட்டதும் மறுபடி மென்மையாகிவிடுகிறது. எங்கள் யார்டில் கன்டெய்னர் கதவுக்குப் போடும் சீலின் வெட்டுப்பட்ட துண்டுகள் மேலும் உடைந்த மரப்பலகை ஆணிகள் மேலும் நாள் முழுக்க ஏறி இறங்கும் ட்ரெய்லர் டயர்களில் நூறு கீறல்கள் இருந்தும் அவை ஏன் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கார் டயருக்கு ஈரச் சாலையில் பிடிமானம், எரிபொருள் மிச்சம் என்று வேறு கவலைகளும் இருப்பதால் கலவை மாறுகிறது.

சுவர் ஏன் மெல்லிசு

இப்படியெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் சைடிலும் இரண்டு கம்பி அடுக்கைப் போட்டுத் தொலைத்தால் என்ன? அண்ணா கேட்ட கேள்வி இது. கேட்டபோது கோபமாகத்தான் கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் டயரின் சுற்றளவு தோராயமாக இரண்டு மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர், அதாவது நொடிக்குப் பதினான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவை பிதுங்கி, ஒரு தடவை நிமிர வேண்டும். வளைகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு உண்டாகும். சுவர் தடிமனாக ஆக ஆகச் சூடும் கூடும், வண்டி எடையும் பெட்ரோலும் கூடும், குலுக்கலும் கூடும். 1946-இல் மிஷெலின் காப்புரிமை பெற்று 1949 வாக்கில் விற்பனைக்கு வந்த ரேடியல் டயரின் வெற்றியே இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. தரையைத் தொடுகிற வட்டத்தை எஃகால் இறுக்கி, சுவரைத் தளரவிட்டார்கள். அதற்கு முன்பிருந்த டயர்களில் நூல் அடுக்குகள் பட்டனிலும் சைடிலும் ஒன்றுபோலக் குறுக்குமறுக்காக ஓடின, சீக்கிரம் சூடாகின, சீக்கிரம் தேய்ந்தன.

அந்தத் தளர்ச்சிக்குக் கொடுக்கிற விலைதான் நாங்கள் ஆர்355-இல் பார்த்த வெட்டு. ரேடியல் டயரின் சுவரில் நூல்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. உள்ளே இருக்கிற காற்று அவற்றை எப்போதும் விறைப்பாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. கல்லின் கூரிய ஓரம் குறுக்கே விழுந்து பத்துப் பதினைந்து நூலை அறுத்துவிட்டால் கிழிசலைத் தடுத்து நிறுத்தக் குறுக்கே வேறு எதுவும் இல்லை. பட்டனில் குத்திய ஆணியை ரப்பர் இறுக்குகிறது என்றேன் அல்லவா, இங்கே அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு சுற்றிலும் சுவர் வளையும்போது காயம் வாயைத் திறக்கிறது. பக்கவாட்டு வெட்டை ஒட்ட முடியாது என்று கடைக்காரர்கள் சொல்வது அதனால்தான். புது டயரை நம் தலையில் கட்டுவதற்காகச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. நடுப்பட்டனில் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கிற ஓட்டையை, டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் வடிவ ரப்பர் பிளக் வைத்து அடைக்கலாம். தோளிலும் சுவரிலும் அடைக்கவே கூடாது.

டயரின் உறுதியைச் சோதிக்க அமெரிக்க விதிகளில் ஒரு முறை இருக்கிறது. 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள, முனை உருண்ட எஃகுத் தண்டு ஒன்றை நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் டயருக்குள் அழுத்திக்கொண்டே போவார்கள், டயர் உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலைத் தாங்கியது என்று கணக்கிடுவார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அழுத்துவது பட்டனின் நடுப்பகுதியில், அதுவும் அவ்வளவு நிதானமாக. டாங்க்வாவின் கல் அப்படி வருவதில்லை. அது பக்கவாட்டில் வரும், கூராக வரும், நொடிக்கு 28 மீட்டரில் வரும். ஆகவே ஒரு டயர் சோதனையில் தேறியது என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று நான் கேட்பேன்.

காற்று பற்றிய சண்டை

அண்ணாவுக்கும் எனக்கும் இன்னும் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. கல்ரோட்டில் காற்று கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கூட்டினால் டயர் கெட்டியாகும், கெட்டியானது கிழியாது என்பது அவர் கட்சி. பெரும்பாலான மனிதர்களின் கட்சியும் அதுதான், கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. காற்று இறுக்கமாக இருக்கும் டயர், கல்லின் மேல் ஏறும்போது பதிந்து கொடுக்காது, அந்தச் சக்கரத்தின் பாரம் முழுக்கக் கல்லின் முனை இருக்கிற சின்ன இடத்திலேயே இறங்கும். கொஞ்சம் குறைத்தால் பட்டன் கல்லைச் சுற்றிப் படிந்து, பாரத்தை அக்கம்பக்கத்துத் தரைக்கும் பிரித்துக் கொடுக்கும். ஊதிய பலூனையும் பாதி ஊதிய பலூனையும் பென்சில் முனையால் அழுத்திப் பார்த்தால் எது முதலில் வெடிக்கும் என்று குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசினால் அண்ணாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். காற்றை அதிகமாகக் குறைத்தால் சுவர் பட்டனைத் தாண்டி வெளியே பிதுங்கும். நூல் மட்டும் இருக்கிற அந்த மெத்தென்ற இடத்தை நாமே கல்லுக்கு நேரே நீட்டுகிறோம் என்று அர்த்தம். தவிர, குறைந்த காற்றில் வேகமாகப் போனால் சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறி, கல்லே இல்லாமல் டயர் உள்ளுக்குள் வெந்துவிடும். ஆகவே என் முடிவு இது: பாரம் அதிகம் இல்லாவிட்டால், வழக்கமான அளவிலிருந்து கால் பார் (பார் என்பது காற்றழுத்த அலகு), மிஞ்சினால் அரை பாருக்குள் குறைக்கலாம். அப்படிக் குறைத்தால் வேகத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும், தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்க மனம் இல்லாதவர்கள் காற்றில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. உண்மையில் காற்றைவிட வேகம்தான் பெரிய விஷயம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அறுபதில் போகும்போது கல் கொடுக்கிற அடியைவிட நூறில் கொடுக்கிற அடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அறுபதில் வளைந்து கொடுக்க டயருக்குக் கிடைக்கிற நேரமும் நூறில் கிடைப்பதில்லை.

அன்று அண்ணா எவ்வளவு வேகத்தில் போனார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் இதைப் படிப்பார்.

கரியான டயரின் கம்பி

2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தை நான் விவரிக்கப்போவதில்லை, டர்பனில் இருந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை. நான் சொல்ல வருவது அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி. சாலையை மறிக்கக் கொளுத்திய டயர்கள் எரிந்து முடிந்த இடங்களில் கறுப்புக் கறை மட்டும் மிச்சமிருக்கவில்லை. ரப்பர் எரிந்துபோனாலும் எஃகு எரிவதில்லை. பட்டையிலிருந்த முடி போன்ற கம்பிகளும் ரிம் ஓரத்திலிருந்த தடித்த கம்பி வளையங்களும் சுருள் சுருளாகக் கிடந்தன. வளையத்தை எடுத்து ஓரமாகப் போட்டுவிடலாம். மெல்லிய கம்பித் துணுக்குகள் கண்ணுக்கே தெரியாது. அவை குத்தினால் டப் என்று சத்தம் வராது, காற்று உடனே இறங்காது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எங்கே ஓட்டை என்று தண்ணீரில் முக்கினால்கூடச் சட்டென்று தெரியாது. பெரியவரின் கடையில் அந்த மாதம் முழுக்கக் கூட்டம். இடுக்கியால் மயிரிழை மயிரிழையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு டயரைக் காக்க வைத்த கம்பி இன்னொரு டயரைக் குத்துவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

மழையில் பஞ்சர் கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஓரத்திலிருக்கும் குப்பையை வெள்ளம் நடுரோட்டுக்குக் கொண்டுவருவது ஒன்று. இன்னொன்று, ஈரமான ரப்பர் எளிதில் வெட்டுப்படும். தண்ணீர் அங்கே எண்ணெயின் வேலையைச் செய்கிறது. பட்டறையில் ரப்பரை அறுக்கிறவர்கள் கத்தியை நனைத்துக்கொள்வது அதனால்தான். பின்டயர்தான் அதிகம் பஞ்சராகிறது என்று நம் ஆட்கள் சொல்வதும் மூடநம்பிக்கை இல்லை. படுத்துக் கிடக்கிற ஆணியை முன்டயர் தட்டி எழுப்புகிறது, நிமிர்ந்து நிற்கும்போது பின்டயர் வந்து ஏறுகிறது.

தாங்குவது என்றால் கிழியாமல் இருப்பது மட்டும்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானத்தின் டயர், ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டையின் மேல் ஏறியது. வேறொரு விமானத்திலிருந்து விழுந்த பட்டை, நீளம் அரை மீட்டர்கூட இல்லை. டயர் வெடித்து, அதன் பெரிய துண்டு ஒன்று இறக்கையின் எரிபொருள் தொட்டியில் அடித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நான்கு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த விமானத்துக்கு மிஷெலின் செய்துகொடுத்த புது ரேடியல் டயரின் முக்கியமான குணம், வெட்டுப்பட்டாலும் பெரிய துண்டாகப் பிய்ந்து பறக்காது என்பதுதான். வெட்டே படாத டயரை யாராலும் செய்ய முடியாது. வெட்டுப்பட்ட பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று டயருக்குச் சொல்லித்தர முடியும், அதைத்தான் செய்தார்கள். இன்று சில கார்களில் வரும் ரன்-ஃபிளாட் டயருக்குப் பின்னால் இருப்பதும் அதே வகை யோசனைதான். காற்று போனாலும் சுவரே முட்டுக்கொடுத்து, 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் சுவர் கெட்டி என்பதால் குலுக்கும், அது தனிக் கதை.

உடனே சாகாத டயர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பட்டனில் கம்பிவரை இறங்கிய ஒரு கீறலில் காற்று கசியாமல் இருக்கலாம், ஆனால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். எஃகு துருப்பிடிக்கும், பித்தளைப் பூச்சு போட்டுச் சேர்த்த பிணைப்பு விட்டுப்போகும், பட்டை பிரிந்து ஒருநாள் என்3 நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் உரியும். காற்று இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டப்பட்ட டயரும் இப்படித்தான். வெளியே பார்த்தால் நல்ல டயர், உள்ளே கை விட்டால் மாவாய் உதிர்ந்த ரப்பர்த் தூள் கையில் ஒட்டும். பெரியவர் பஞ்சர் பார்க்கும்போதெல்லாம் முதலில் உள்ளே கை விட்டுத் தடவுவது அதற்குத்தான். தூள் இருந்தால் பிளக் போட மாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார்.

ஆனால் சாலையோரத்தில் சிலர் இதே டயர்களை வாங்கிக் கழுவி, கறுப்பு மை பூசி, சுவரின் வெட்டில் உள்பக்கமாக ஓர் ஒட்டு வைத்து மறுபடி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் யார்? புது டயர் வாங்கக் காசில்லாதவர்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரர்கள். தெரியாமல் வாங்குகிறவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, தெரிந்தே விற்கிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இங்கே சட்டப்படி பட்டன் ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைப் போக்குவரத்துப் போலீஸ் குனிந்து அளந்துவிடுவார். சுவரின் உள்பக்கத்தில் இருக்கும் ஒட்டை ரோட்டில் நின்றபடி யாராலும் பார்க்க முடியாது. பழைய டயர் வாங்க வேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால், ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே வாங்கி, உள்ளே வெளிச்சம் அடித்து, கை விட்டுத் தடவிப் பாருங்கள். மாட்டிய டயரைத்தான் தருவேன் என்று அடம்பிடிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் யார்டுக்கு வருகிறேன். கன்டெய்னர் கதவைத் திறக்கும்போது சீலைப் பெரிய கட்டரால் வெட்டுகிறார்கள், வெட்டிய துண்டு தரையில் விழுகிறது, அங்கேயே கிடக்கிறது. ஃபோர்க்லிஃப்டின் பின்னால் கட்டி இழுக்கிற காந்தப் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள், தரையிலிருக்கும் இரும்பையெல்லாம் வாரிக்கொள்ளும். அதன் விலை ஒரு சில லாரி டயர்களின் விலைதான். டயர் பில்களை ஒரு பக்கமும் காந்தத்தின் விலையை இன்னொரு பக்கமும் வைத்து மேனேஜருக்கு அனுப்பினேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். டிரைவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை, கதவருகே ஒரு பழைய பெயின்ட் டின்னை வைத்து, வெட்டுகிறவரே துண்டை அதில் போட வேண்டும் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பாதிப் பேர் போடுகிறார்கள். மீதிப் பேரோடு நான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன், மேனேஜருக்கு அடுத்த மின்னஞ்சலும் எழுதி வைத்திருக்கிறேன்.